ஒரு சோறு பதமா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் இலக்கணமும் கல்வெட்டும் பேசியவர்கள். மென்பொருளைச் சோதித்துப் பிழைப்பு நடத்துகிறவனை எதற்கு அழைத்தீர்கள் என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். "நீங்களும் பிழை திருத்துகிறவர்தானே?" என்றார். பேச்சைத் திருத்தத்தோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நான் பிழை திருத்துகிறவன் இல்லை. பிழை இருக்கிறது என்று போய்ச் சொல்கிறவன். திருத்துவது நிரல் எழுதியவரின் வேலை. எங்கள் இருவருக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது" என்பார் அவர். "என் மெஷின்ல ஓடலையே" என்பேன் நான். இந்தத் துறையின் பாதி வரலாறு இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வோம். எங்கள் தொழிலுக்கு வருகிற புதியவர்கள் எல்லோரும் இந்தப் பழமொழியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். முதல் ஓராண்டில் அதை மறக்க வைப்பதே என்னைப் போன்ற மூத்தவர்களுக்குப் பெரும்பாடு. பழமொழியில் குற்றமில்லை. பானைக்குள் இருப்பது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. நடுவில் ஒருமுறை கிளறியும் விட்டிருப்பார்கள். ஒரு பருக்கை வெந்திருந்தால் பக்கத்துப் பருக்கையும் வெந்திருக்கும். பாலமும் அப்படித்தான். 10 டன் லாரியைத் தாங்கிய பாலம் 9 டன்னையும் தாங்கும். யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நிரலுக்கு இந்த நியாயம் கிடையாது. 9-க்குச் சரியான விடை, 10-க்குச் சரியான விடை, 11-க்கும் சரி, 12-க்கு மட்டும் அபத்தம் என்று அது நடந்துகொள்ளலாம். ஒரு பருக்கைக்கும் அடுத்த பருக்கைக்கும் நடுவே உறவு எதுவும் இருந்தாக வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் எல்லாப் பருக்கையையும் நசுக்கிப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். இரண்டு எண்களைக் கூட்டுகிற ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் 32 பிட். கொடுக்கக்கூடிய இணைகள் 2-இன் 64 அடுக்கு. நொடிக்கு நூறு கோடி இணைகளைச் சோதித்தாலும் முடிக்கச் சுமார் 584 ஆண்டு ஆகும். கூட்டலுக்கே இந்தக் கதி. வங்கிக் கணக்கையும் ரயில் முன்பதிவையும் நினைத்துப் பாருங்கள். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1969-இல் ரோம் நகரில் நடந்த மாநாட்டில் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: சோதனையால் வழு இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று காட்ட முடியாது. எங்கள் தொழிலைக் கேலி செய்வதற்காகவும் இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகப் படவில்லை. வானிலை அறிவிப்பாளரிடம் மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்காத மாதிரி, எங்களிடமும் கேட்கக் கூடாத ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

இதற்கு நல்ல சாட்சி 1994-இல் வெளிப்பட்ட பென்டியம் சில்லின் வழு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லின்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். 11, 13 மாதிரி இரண்டே வித்தியாசத்தில் வரும் பகா எண் இணைகள் அவை. புதிதாகச் சேர்த்த பென்டியம் கணினி தந்த விடை பழைய விடைகளோடு ஒத்துப்போகவில்லை. தன் நிரலைச் சந்தேகித்தார், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் தொகுப்பியைச் சந்தேகித்தார், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து கடைசியில் சில்லையே சந்தேகித்தார். வகுத்தலுக்காகச் சில்லுக்குள் ஓர் அட்டவணை இருந்தது. அதில் நிரப்ப வேண்டிய 1066 கட்டங்களில் 5 கட்டங்கள் விடுபட்டுப் போயிருந்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும், பென்டியம் 1.33374 என்றது. சாதாரணப் பயனர் ஒருவர் இதைச் சந்திக்க 27,000 ஆண்டு ஆகும் என்று சில்லைச் செய்த இன்டெல் முதலில் சமாதானம் சொன்னது. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சில்லை மாற்றிக் கொடுக்க முன்வந்து, 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. கோடிக்கணக்கான பருக்கைகள் வெந்திருந்தன. ஐந்து இடத்தில் மட்டும் அரிசியே இல்லை.

நைஸ்லியிடமிருந்து எங்கள் கலைச்சொல் ஒன்றையும் கற்கலாம். விடை தவறு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ஒப்பிட வேறொரு விடை கையில் இருந்தது. சோதிக்கிறவனுக்கு 'சரியான விடை இதுதான்' என்று சொல்லும் மூலத்தை ஆங்கிலத்தில் ஆரக்கிள் என்பார்கள். கிரேக்கக் கோயில்களில் குறி சொன்ன இடத்துக்குரிய பெயர். நம்மூர்க் கோடாங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவை ஆவணம், பழைய கணினி, கையால் போட்ட கணக்கு, முப்பது ஆண்டு கிளையில் வேலை பார்த்த வங்கி அலுவலர் என்று எதுவும் கோடாங்கி ஆகலாம். குறி கேட்க ஆளில்லாத இடத்தில் சோதனை என்பது பொத்தானை அழுத்தி வேடிக்கை பார்ப்பதுதான்.

பழமொழியை முற்றாகத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. மாற்றிச் சொல்ல வேண்டும்: இங்கே எத்தனை பானைகள் என்று முதலில் கண்டுபிடி, பிறகு பானைக்கு ஒரு சோறு எடு. இதற்குச் 'சமானப் பகுப்பு' என்று பெயர். நிரல் ஒரே மாதிரி நடத்தும் என்று நாம் நம்புகிற உள்ளீடுகள் எல்லாம் ஒரு பானை. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்குக் கடன் என்றால் மூன்று பானைகள் கண்ணுக்குத் தெரிகின்றன: 18-க்குக் கீழே, நடுவில், 60-க்கு மேலே. அடுத்ததாகப் பானையின் விளிம்பு. 17, 18, 60, 61. நிரலாளர் 'குறைவு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குறைவு அல்லது சமம்' என்று எழுதிவிடுவது விளிம்பில்தான் நடக்கும். இது 'எல்லை மதிப்புச் சோதனை'. 35 வயதுக்காரரை வைத்து நூறு தடவை சோதிப்பவன் சம்பளம் வாங்கலாம், வழு கண்டுபிடிக்க மாட்டான்.

இதில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. '60 வயது வரை' என்றால் 60 நிறைந்தவரா, 60 நடக்கிறவரா? நம் பாட்டிமார் நடக்கிற வயதைத்தான் சொல்வார்கள்; கணினி நிறைந்த வயதைக் கணக்கிடும். நிரலின் ஒரு வரிகூட எழுதப்படுவதற்கு முன்னால், தேவை ஆவணத்தைப் படிக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவதும் சோதனைதான். ஓட்டாமலே செய்யும் சோதனை என்பதால் அதற்கு 'நிலைச் சோதனை' என்று பெயர். மலிவான சோதனையும் அதுதான். ஆனால் அதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

கிளென்ஃபோர்டு மயர்ஸ் 1979-இல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' என்ற புத்தகம் ஒரு புதிரோடு தொடங்குகிறது. மூன்று முழு எண்களைப் பக்கங்களாக வாங்கிக்கொண்டு, அது சமபக்க முக்கோணமா, இருசமபக்கமா, அசமபக்கமா என்று சொல்லும் நிரல் ஒன்று இருக்கிறது. அதைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்? மாணவர்கள் இப்போதே மனத்துக்குள் போட்டுப் பாருங்கள். 3, 4, 5 எல்லோருக்கும் வரும். 5, 5, 5 வரும். 5, 5, 3 வரும். 5, 3, 5 என்றும் 3, 5, 5 என்றும் இடம் மாற்றிக் கொடுக்கப் பாதிப் பேருக்குத் தோன்றாது. 1, 2, 3? இரண்டு பக்கம் சேர்ந்து மூன்றாவதற்குச் சமமானால் முக்கோணம் படுத்துவிடும். அது வெறும் கோடு. பூச்சியம்? குறை எண்? இரண்டே எண் கொடுத்துவிட்டால்? மயர்ஸ் 14 கேள்விகள் வைத்திருக்கிறார். தேர்ந்த நிரலாளர்களே சராசரியாக 7.8 தான் எடுக்கிறார்கள் என்று அவரே எழுதுகிறார்.

அடுத்தவரைச் சொல்லுவானேன், நான் கோட்டைவிட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் பெயரைத் தமிழில் தட்டினால் தேடித் தரும் மென்பொருள் என்னிடம் வந்தது. கமலா, முருகன், செல்வி என்று தேடினேன், கிடைத்தார்கள். நீளமான பெயர், ஓரெழுத்துப் பெயர், இல்லாத பெயர், வெற்றுப் பெட்டி எல்லாம் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் புகார் வந்தது: பட்டியலில் கோமதி கண்ணெதிரே இருக்கிறார், தேடினால் இல்லை என்கிறது. காரணம் இதுதான். ஒருங்குறியில் (யூனிகோடு) 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமமாகவே கொள்ள வேண்டும் என்று ஒருங்குறித் தரமும் சொல்கிறது. எங்கள் நிரல் அந்தச் சமன்படுத்தலைச் செய்யாமல் குறிகளை அப்படியே ஒப்பிட்டது. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் பயன்படுத்திய மென்பொருள் ஒரு விதம், தேடியவருடையது இன்னொரு விதம். கொ, கோ, கௌ என்று இருபுறமும் குறி ஏறும் எழுத்துகள் தனிப் பானை என்பது ஒன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். கமலாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோமதியும் வெந்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

இனி சொற்கள். தமிழ்ச் செய்தித்தாள்களில் 'மென்பொருள் கோளாறு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் மூன்றாகப் பிரிப்போம். மனிதர் செய்வது தவறு. அதனால் நிரலுக்குள் போய்த் தங்குவது வழு. அந்த வழு ஓடும்போது வெளியே தெரிவது பிறழ்ச்சி. உப்புப் போட்டதை மறந்து மறுபடி போட்டது தவறு. குழம்பில் இருக்கும் இரட்டை உப்பு வழு. சாப்பிட்டவர் முகம் சுளிப்பது பிறழ்ச்சி. அன்றைக்கு யாரும் சாப்பிடாவிட்டால் பிறழ்ச்சி இல்லை, ஆனால் வழு சட்டிக்குள் இருக்கிறது. வழுவைத்தான் ஊரே பக் என்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய விட்டில்பூச்சியிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பூச்சி உண்மை; குறிப்பேட்டில் ஒட்டியே வைத்தார்கள். ஆனால் 1878-லேயே எடிசன் தன் கடிதத்தில் அந்தச் சொல்லை இதே பொருளில் எழுதியிருக்கிறார். நிஜப் பூச்சி கிடைத்துவிட்டதே என்ற வேடிக்கைக்காகத்தான் ஹார்வர்டுக்காரர்கள் ஒட்டினார்கள்.

தவறு, வழு, பிறழ்ச்சி என்ற மூன்றையும் பிரிப்பது வாத்தியார்த்தனம் என்று சிலருக்குத் தோன்றும். ஏரியான் 5 ஏவுகலத்தைப் பாருங்கள். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். கிளம்பிச் சுமார் 30 நொடியில் திசை காட்டும் கருவி நின்றுபோனது. கலம் திரும்பி, உடைந்து, வெடித்தது. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரியில், 32767 என்ற எல்லையை எண் தாண்டிவிட்டது. அந்த வரி ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்து வைத்தது. ஏரியான் 4-இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளரவே வளராது. ஆண்டுக்கணக்கில் வழு தூங்கியது, பிறழ்ச்சியே இல்லை. ஏழு மாறிகளில் நான்குக்குக் காப்பு வைத்தவர்கள், மீதி மூன்றும் எல்லை தாண்டாது என்று கணித்து விட்டுவிட்டார்கள். மாற்றுக்கு இன்னொரு கருவி வைத்திருந்தார்களே? வைத்திருந்தார்கள். அதிலும் அதே நிரல்; ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் இரண்டும் ஒரே காரணத்தால் நின்றன. புதிய கலத்தின் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்த வரி இருந்த பகுதிக்குக் கலம் தரையை விட்ட பிறகு வேலையே கிடையாது. பழைய வழக்கப்படி மேலும் 40 நொடி சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை, முழு அமைப்புச் சோதனை, ஏற்புச் சோதனை என்ற படிகளை எல்லாப் பாடநூலும் விரிவாகச் சொல்லும். நான் அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. ஒருங்கிணைப்புக்கு மட்டும் ஒரு வார்த்தை: 1999 செப்டம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று தொலைந்தது. ஒரு குழுவின் நிரல் உந்துவிசையைப் பவுண்டு அளவில் எழுதியது, இன்னொரு குழுவின் நிரல் அதை நியூட்டன் என்று படித்தது. தனித்தனியே இரண்டும் தடையில்லாமல் ஓடும் நிரல்கள்தான்.

கொஞ்சம் நின்று பேச வேண்டிய கதை தெராக்-25. கனடாவின் அணுசக்தி நிறுவனமான ஏஇசிஎல் செய்த கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையே ஆறு நோயாளிகள் அதனிடம் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சை வாங்கினார்கள், சிலர் இறந்தார்கள். 1985 ஜூலையில் ஒன்டாரியோவின் ஹாமில்டனில் நடந்த விபத்துக்குப் பிறகு நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். அந்தப் பிறழ்ச்சியை அவர்களால் மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியவில்லை. ஒரு சிறு சுவிட்சுதான் காரணமாக இருக்கும் என்று ஊகித்து அதை மாற்றினார்கள். பாதுகாப்பு லட்சம் மடங்கு கூடிவிட்டது என்று அறிவித்தார்கள். வழுவைக் காணாமல், வழு போய்விட்டது என்று எப்படி அளந்தார்கள்? இந்தத் துறையில் நான் படித்த எண்களிலேயே என்னைக் கோபப்படுத்தும் எண் அதுதான்.

1986 மார்ச் 21, டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரம். இயந்திரத்தை இயக்கிய பெண்மணி அனுபவசாலி, விரல்கள் வேகமானவை. எலெக்ட்ரான் கதிர் என்று தட்ட வேண்டிய இடத்தில் எக்ஸ் கதிர் என்று தட்டிவிட்டார். அம்புக்குறியை மேலே கொண்டுபோய்த் திருத்தினார், மற்றதையெல்லாம் எண்டர் தட்டிக் கடந்தார். திரையில் புதிய எழுத்து. உள்ளே காந்தங்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள எட்டு நொடி எடுக்கும். அந்த எட்டு நொடிக்குள் செய்த திருத்தத்தை நிரல் கவனிக்கவில்லை. 'மால்ஃபங்ஷன் 54' என்று ஒரு செய்தி வந்தது. அப்படிப்பட்ட செய்திகள் அன்றாடம் வரும், ஒரு விசையைத் தட்டினால் போய்விடும். தட்டினார். நோயாளி இரண்டாவது முறையும் வாங்கினார். அறைக்குள்ளிருந்து படம் காட்டும் கருவியும் குரல் கேட்கும் கருவியும் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

மூன்றே வாரத்தில் அதே இடத்தில் அடுத்த விபத்து. இந்த முறை மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்தப் பெண்மணியும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நினைவிலிருந்து ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தார்கள். மெதுவாகத் தட்டினால் ஒன்றுமில்லை. வேகம் பழகப் பழக, ஒரு கட்டத்தில் 54 வந்தது. பிறழ்ச்சியை நினைத்தபோது வரவழைக்கும் வித்தை கைக்கு வந்துவிட்டது. எங்கள் துறையில் இதற்கு 'மறுநிகழ்த்தல்' என்று பெயர். ஒரு வழு அறிக்கைக்கு உயிரே அதுதான். 'சில சமயம் வேலை செய்யவில்லை' என்று எழுதுவது அறிக்கை இல்லை, புலம்பல். என்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன், எவ்வளவு வேகத்தில் செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று எழுத வேண்டும். வேகம் என்பது ஓர் உள்ளீடு என்று அந்த இயந்திரத்தைச் சோதித்தவர்களுக்குத் தோன்றவில்லை. புதிதாக ஒன்றைச் சோதிக்கிறவன் எப்போதும் மெதுவாகத்தானே தட்டுவான்.

அதே வழு முந்தைய மாடலான தெராக்-20-லும் இருந்தது. அங்கே கம்பியும் உருகியுமாக வன்பொருள் தடுப்புகள் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உருகிதான் போனது. 25-ஆம் மாடலில் அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டு நிரலை நம்பினார்கள்.

கடைசியாகக் கொஞ்சம் இலக்கணம். துறைத்தலைவர் என்னை அழைத்ததற்கு நியாயம் செய்ய வேண்டும் அல்லவா? வழு என்ற சொல்லை நான் அகராதியில் தேடி எடுக்கவில்லை. கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்குவதுதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை என் துறையில் பலர் மறந்துவிட்டார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுவை நன்னூல் பேசுகிறது. வழு இல்லாதது வழாநிலை. இந்த இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவதாக ஒன்றையும் நம் இலக்கணக்காரர்கள் வைத்தார்கள்: வழுவமைதி. தவறுதான், ஆனால் காரணம் உண்டு, ஏற்றுக்கொள்கிறோம். பசுவைக் கொஞ்சி 'என் ராசாத்தி வந்துட்டா' என்பது திணை வழுவமைதி. தெருமுனையில் நின்றுகொண்டே 'இதோ வந்துட்டேன்' என்பது கால வழுவமைதி.

எங்கள் அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடப்பது முழுக்க இந்த வாதம்தான். வழு என்று நான் எழுதுவேன். இது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நிரலாளர் எழுதுவார். தீவிரம், முன்னுரிமை என்று இரண்டு அளவுகோல் வைத்து நடுவர் தீர்ப்புச் சொல்வார். இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்களுக்கு: கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு கொம்பு விடுபட்டால் கல்யாணம் நிற்காது, தீவிரம் குறைவு, ஆனால் அச்சகத்துக்கு அன்றைக்கே ஓட வேண்டும், முன்னுரிமை அதிகம். ஓர் ஆட்டத்தில் ஆயிரம் மணி நேரம் விடாமல் ஆடினால் கணினி நின்றுபோகும் என்பது தீவிரமான வழு. ஆனால் அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது தீர்ப்பு ஒன்றும் உண்டு: திருத்த வேண்டாம். அதை ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி எழுதுவார்கள். நமக்கு வழுவமைதி என்ற ஒரு சொல் போதும். ஆனால் இலக்கணக்காரரிடம் வழுவமைதிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். உவப்பா, சினமா, விரைவா என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் பல சமயம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

காரணம் உள்ள வழுவமைதி ஒன்றை நீங்களே பார்க்கலாம். வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால் எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி, அதைத் தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். 100-ஆல் வகுபட்டு 400-ஆல் வகுபடாததால் 1900 லீப் ஆண்டு இல்லை. அப்படி ஒரு நாள் வந்ததே கிடையாது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் அதை லீப் ஆண்டாகக் கொண்டது. லோட்டஸ் கோப்புகளைத் தன்னிடம் திறக்கிறவர்களுக்குத் தேதி மாறிவிடக் கூடாது என்று எக்செல் அந்த வழுவையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. லோட்டஸ் போய்விட்டது. அந்த நாள் இன்னும் இருக்கிறது.